தாளம் தப்பிய நாடி

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் வழக்கம் நம் மண்ணில் மிகப் பழையது. வாதம், பித்தம், கபம் என்று அதன் ஓட்டத்தைப் பிரித்தறிந்து சொல்லும் வைத்தியர்கள் சிற்றூர்தோறும் இருந்தனர். வைத்தியம் அறியாதோரும்கூட, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து, நாடி சீராக ஓடுகிறது என்று ஆறுதல் கொண்டனர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு எம் துணைவியாரின் கையைப் பிடித்துப் பார்த்தபோது, அந்த ஆறுதல் எமக்குக் கிட்டவில்லை. துடிப்பு இருந்தது, தாளம் இல்லை. இரண்டு துடிப்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. அடுத்தது தயங்கி நின்றது. அதற்கடுத்தது விரலுக்கு எட்டாமலே மறைந்தது. நெஞ்சுக்குள் ஒரு பறவை சிறகடிப்பதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 66. இரத்த அழுத்தத்திற்குப் பத்தாண்டுகளாக மாத்திரை உண்டு வந்தவர்; வேறு நோய் எதுவும் அறியாதவர்.

மறுநாள் இ.சி.ஜி. எடுத்த மருத்துவர் அந்நோயின் பெயரைச் சொன்னார்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டு, நடுங்கத் தொடங்கும் நிலை அது. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சு நிமிடத்திற்கு அறுபது முதல் நூறு முறை மின்தூண்டலை எழுப்புவதும், இதயம் முழுவதும் அதற்கு இசைந்து துடிப்பதும் இயற்கை. இந்நோயில் மேலறைகளின் தசை முழுவதும் நிமிடத்திற்கு முந்நூற்றைம்பது முதல் அறுநூறு வரையிலான தாறுமாறான தூண்டல்களால் அதிர்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வாயிற்காவலன்போல் அமைந்த மற்றொரு முடிச்சு அவற்றுள் சிலவற்றை மட்டுமே கீழே விடுகிறது. எவ்வொழுங்குமின்றி அவை கடந்து செல்வதால், கையில் நாடியும் ஒழுங்கின்றி ஓடுகிறது.

மருத்துவர் எங்கள் முன் மூன்று கேள்விகளை வைத்தார். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாகாமல் தடுப்பது எப்படி? துடிப்பின் வேகத்தைக் குறைப்பது எப்படி? இழந்த தாளத்தை மீட்க முயல்வதா, அன்றி அதனோடு வாழப் பழகுவதா? முதல் கேள்வியே முதன்மையானது என்றும், அதற்குரிய மருந்தை உடனே தொடங்குவது நல்லது என்றும் அவர் சொன்னார். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதன் விளைவைப் பின்னர் சொல்வோம். அந்தத் தவறுக்குப் பிறகே இம்மருந்துகள் எங்கிருந்து வந்தன, யாரால் வந்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். அத்தேடலில் அறிந்தவற்றை, இதே கேள்விகளோடு மருத்துவர் முன் அமரவிருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் எனக் கருதி, இங்கு எழுதுகிறோம்.

மரப்பட்டையின் வழி

இதயமே இரத்தத்தை உடலெங்கும் செலுத்திச் சுற்றவைக்கிறது என்று 1628இல் மெய்ப்பித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இறக்கும் விலங்குகளின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். கீழறைகள் ஓய்ந்தபின்னும் மேலறை நடுங்கிக்கொண்டிருந்தது; வலது மேலறையே இறுதியாக இறந்தது. மேலறையின் நடுக்கம் பற்றி நமக்குக் கிடைக்கும் முற்காலக் குறிப்புகளுள் அது ஒன்று. ஆனால் உயிரோடு நடமாடும் மனிதரின் ஒழுங்கற்ற நாடிக்கும் அந்நடுக்கத்திற்கும் தொடர்பு உண்டு என்பதை உலகம் அறிய மேலும் 280 ஆண்டுகள் ஆயின.

காரணம் அறியும் முன்னரே மருந்து ஒன்று வந்துவிட்டது. அது வந்த வழியில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை, முறைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பதைப் பெருவில் பணியாற்றிய இயேசு சபையினர் அறிந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர். இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் ஹுவான் தெ லூகோ 1640களில் அதனை உரோமையின் ஏழை நோயாளிகளுக்கு வழங்க ஏற்பாடு செய்தார். 'இயேசு சபையினரின் பட்டை' என்றும், 'கர்தினாலின் தூள்' என்றும் அது பெயர் பெற்றது. சமயப் பகைமை மிகுந்திருந்த அக்காலத்தில் அப்பெயரே அதற்கு இடையூறும் ஆயிற்று. இங்கிலாந்தில் பலர் அதனை ஐயத்தோடு நோக்கினர். இராபர்ட் டால்போர் என்பவர் இயேசு சபையினரின் தூளைக் குறித்து மக்களை எச்சரித்துவிட்டு, காய்ச்சலுக்குத் தாமே ஓர் இரகசிய மருந்து கொடுத்துப் புகழ் பெற்றார்; அரசர் இரண்டாம் சார்லசும் அதனால் குணமடைந்தார். டால்போர் இறந்தபின் அவ்விரகசியம் வெளியானது. அம்மருந்தின் உயிர்ச்சரக்கு அதே மரப்பட்டைதான்.

காய்ச்சல் மருந்து இதயத்திற்கும் உதவக்கூடும் என்பதை முதலில் எழுதியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் ழான்-பத்தீஸ்து தெ செனாக். பின்னாளில் மன்னர் பதினைந்தாம் லூயியின் தலைமை மருத்துவரான அவர், 1749இல் வெளியிட்ட இதய நூலில், நெடுநாள் அடங்காத படபடப்பு இப்பட்டையால் அடங்கியதைக் குறித்துள்ளார். அக்குறிப்பு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

1912இல் காரல் ஃபிரெடரிக் வென்கெபாஃக் என்னும் டச்சு இதய மருத்துவரிடம் ஒரு வணிகர் வந்தார். நாடி தாளம் தப்பி ஓடியது. அவருக்குப் பெரிய துன்பம் ஒன்றுமில்லை. ஆயினும் தொழிலில் ஒழுங்கைப் பேணும் தமக்கு இதயமும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று கேட்டார். தம்மால் இயலாது என்றார் மருத்துவர். நாளைக் காலை சீரான நாடியோடு வருகிறேன் என்று சொல்லிச் சென்ற வணிகர், சொன்னவாறே வந்தார். அவர் உண்டது ஒரு கிராம் கொயினா. மலேரியா மிகுந்த கீழை நாடுகளில் வாழ்ந்ததால் கொயினா எப்போதும் கைவசம் இருக்கும். தற்செயலாக ஒருமுறை உண்டபோது படபடப்பு நின்றதை அவர் கவனித்து வைத்திருந்தார். வென்கெபாஃக் வெட்கப்படவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிலருக்கே பயன்பட்டது என்பதையும் மறைக்காமல் 1914இல் தம் நூலில் எழுதினார். நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட மருத்துவருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 1918இல் மருத்துவர் வால்ட்டர் ஃபிரை, அதே மரப்பட்டையில் உள்ள மற்றொரு பொருளாகிய குவினிடின், கொயினாவைவிட இதற்குச் சிறந்தது என்று கண்டார். தாளத்தை மீட்கும் மாத்திரைகளின் வரலாறு அங்கே தொடங்கிற்று.

அந்த மரம் நமக்கும் அயலானதன்று. 1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சிங்கோனாத் தோட்டங்களை அமைத்தது. மலேரியாவுக்காக நட்டு வளர்த்த மரத்திற்குள் இதயத்தின் மருந்தும் அடங்கியிருந்தது என்பதை அன்று அதன் பட்டையை உரித்த தோட்டத் தொழிலாளர் அறிந்திருக்க வழியில்லை.

மூலிகையும் மைக்கோடும்

இரண்டாம் கேள்வியாகிய வேகக் கட்டுப்பாட்டிற்கு வேறொரு செடி விடையளித்தது. 1775இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம், உடல்நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் குடும்ப இரகசியமாகக் காத்துவந்த மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அதில் வேலை செய்தது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே என்பதை விதரிங் தெளிந்தார். பத்தாண்டுகள் நோயாளிகளைக் கவனித்து, அளவு மிகுந்தால் அது நஞ்சாகும் என்பதையும் சேர்த்து, 1785இல் நூலாக எழுதினார். தோல்விகளையும் விடாமல் பதிவு செய்தமையால் அந்நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

ஆனால் அது இதயத்தில் என்ன செய்கிறது என்பதை விளக்கிய பெருமை, இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் நெசவாலை நகரில் 1879 முதல் பணியாற்றிய பொது மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்சியைச் சாரும். அவருடைய பொறுப்பில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர் பிரசவத்தின்போது இதயம் தளர்ந்து இறந்தார். முன்கூட்டி அறிந்திருக்க முடியுமா என்ற கேள்வி மெக்கன்சியின் மனத்தை விட்டு அகலவில்லை. உள்ளூர்க் கடிகாரக் கைவினைஞர் ஒருவரின் துணையோடு, கை நாடியையும் கழுத்து நாளத்தின் அசைவையும் ஒரே தாளில் மையால் வரையும் கருவியை உருவாக்கினார். இதயநோயுற்ற பெண் ஒருவரை 1880 முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவந்த அவர், 1898இல் அப்பெண்ணின் நாடி முற்றிலும் ஒழுங்கிழந்த அன்று, கழுத்து நாளத்தில் மேலறை எழுப்பும் அலை மட்டும் காணாமற்போனதைக் கண்டார். மேலறை செயலிழந்துவிட்டது என்று கருதினார். ஏறத்தாழ சரியான முடிவு அது, செயலிழக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது.

மெய் விளங்கக் கருவி ஒன்று தேவைப்பட்டது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய இ.சி.ஜி. பொறி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. இயக்க ஐவர் வேண்டும். அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாததால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளிகளின் இதய மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். 1906இல் அவர் வெளியிட்ட வரைபடங்களுள் இந்நோயின் வரைபடமும் இருந்தது. 1909இல் இலண்டனில் தாமஸ் லூயிசும், அதே ஆண்டில் வியன்னாவில் ரோட்பெர்கர், விண்டர்பெர்க் ஆகிய இருவரும், ஒழுங்கற்ற நாடி என்பது மேலறையின் நடுக்கமே என்று நிறுவினர். இது அரிய நோயன்று, மிகப் பரவலானது என்பதையும் லூயிஸ் எடுத்துச் சொன்னார்.

இதன்பின் டிஜிட்டாலிசின் மருமமும் விளங்கிற்று. அது நடுக்கத்தை நிறுத்துவதில்லை. வாயிற்காவலன் முடிச்சை இறுக்கிக் கீழறையின் வேகத்தைக் குறைக்கிறது. தாளம் திரும்பாமலே நோயாளி மூச்சுத் திணறல் நீங்கி எழுந்து நடந்தார். மெக்கன்சி தம் நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கண்ட உண்மை இதுவே: தாளம் தப்பிய இதயத்தோடும் நெடுநாள் வாழ்ந்தோர் உண்டு. இன்று வேகத்தைக் குறைக்கப் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன. டிஜிட்டாலிஸ் வழிவந்த டிகாக்சினும் இன்னும் விடைபெறவில்லை.

உறையாத இரத்தம்

இனி, நாங்கள் அஞ்சி ஒதுக்கிய மருந்தின் வரலாற்றுக்கு வருவோம்.

1920களில் வட அமெரிக்கப் புல்வெளிப் பகுதிகளில் கால்நடைகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து இறந்தன. பூஞ்சை பிடித்துக் கெட்ட ஸ்வீட் குளோவர் என்னும் தீவனமே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கிடையே, விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர் இறந்த பசுவையும், கெட்ட தீவனத்தையும், பால் கலத்தில் உறையாமல் கிடந்த இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு வந்து, மேடிசன் பல்கலைக்கழகத்தில் வேதியியலார் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடக் கதவைத் தட்டினார். தீவனத்தை மாற்றுங்கள் என்பதற்கு மேல் அன்று லிங்க்கால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பால் கலம் அவரை விடவில்லை. ஆறாண்டு உழைப்பிற்குப்பின் 1939இல் அவருடைய குழுவினர் அந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் தற்கொலை எண்ணத்தோடு அதை உண்டும், வைட்டமின் கே கொடுக்கப்பட்டுப் பிழைத்தெழுந்தார். மாற்று மருந்து உண்டு என்பது உறுதியானது; 1954இல் மனிதருக்குரிய மருந்தாக அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது.

யாருக்கு அது தேவை என்பதை மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் நகர மக்கள் காட்டினர். அந்நகரில் 5,184 பேரை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 1978இல் வெளிவந்தது. வால்வு நோய் இல்லாதவர்க்கும் மேலறை நடுக்கம் பக்கவாத ஆபத்தை ஐந்து மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. ரூமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்தால் பதினேழு மடங்கு.

இக்கணக்கை மருத்துவர் எங்களுக்கு எளிய சொற்களில் விளக்கினார். நாங்களோ, உறவினர் ஒருவர் 'அது எலி மருந்தாயிற்றே' என்று சொன்னதைக் கேட்டு நடுங்கினோம். எம் குடும்பத்து முதியவர் ஒருவர் கீழே விழுந்து மூளையில் இரத்தம் கசிந்து இறந்த நினைவும் அச்சத்தைப் பெருக்கியது. ஆஸ்பிரின் போதும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மருத்துவரிடம் அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். எட்டு மாதங்கள் கழிந்தன.

ஒரு காலை, காப்பி டம்ளர் துணைவியாரின் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல முயன்றார், சொற்கள் குழறின. அவர் கண்களில் இருந்த திகைப்பை நாம் இன்றும் மறக்கவில்லை. மருத்துவமனையை அடைவதற்குள் கையும் பேச்சும் திரும்பின. நாற்பது நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தன. சிறு கட்டி ஒன்று மூளை நாளத்தை அடைத்துத் தானே கரைந்திருக்கிறது, இது முன்னெச்சரிக்கை, அடுத்தது இப்படிக் கரையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். பிழை மருத்துவருடையதன்று, எங்களுடையது. அச்சத்தை மட்டும் தராசின் ஒரு தட்டில் வைத்தோம்; மறு தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மறு தட்டில் இருந்ததைப் பின்னர் படித்தறிந்தோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், வார்ஃபரின் இந்நோயாளிகளின் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைக்கிறது. முதியவர்க்கு ஆஸ்பிரினே பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் இங்கிலாந்தில் 75 வயது கடந்த 973 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு தகர்த்தது. வார்ஃபரின் உண்டோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.8 பேருக்கும், ஆஸ்பிரின் உண்டோரில் 3.8 பேருக்கும் பக்கவாதம் முதலிய கேடுகள் நேர்ந்தன. பெரும் இரத்தக் கசிவோ இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. இதயத் தளர்ச்சி, உயர் இரத்த அழுத்தம், வயது, நீரிழிவு, முன்னர் வந்த பக்கவாதம், இரத்தநாள நோய் ஆகியவற்றிற்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் முறை மருத்துவரிடம் உண்டு. 75 வயது கடந்தமைக்கும் முந்தைய பக்கவாதத்திற்கும் இரண்டிரண்டு, மற்றவற்றிற்கு ஒவ்வொன்று. இக்கணக்கில் தம் எண் என்ன என்று கேட்டறிவது ஒவ்வொரு நோயாளியின் உரிமை, கடமையும்கூட.

பழைய மருந்தும் புதிய மருந்தும்

வார்ஃபரினோடு வாழ்வதற்கும் பொறுமை வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, பெரும்பாலோர்க்கு அந்த எண்ணை இரண்டிற்கும் மூன்றிற்கும் இடையே வைத்திருக்க வேண்டும். கீரைகளில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைத் தடுப்பதால், ஒரு வாரம் முருங்கைக்கீரையை விடாமல் உண்டு மறு வாரம் தொடாமல் இருந்தால் அளவு தடுமாறும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவு சீராக இருந்தால் போதும். வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமல் சேர்த்துக்கொள்வதே பெரும் ஆபத்து.

2009இல் வெளியான ஓர் ஆய்வு புதிய வாயிலைத் திறந்தது. 44 நாடுகளில் 18,113 பேரிடம் டபிகாட்ரான் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவையில்லாத அது, உரிய அளவில் வார்ஃபரினைவிடப் பக்கவாதத்தைக் கூடுதலாகத் தடுத்தது. 2011இல் ரிவராக்சபான், அபிக்சபான் ஆகியவற்றின் ஆய்வுகளும் வெளிவந்தன. மூளையில் இரத்தம் கசிவது இப்புதிய மருந்துகளில் குறைவு. உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலையும் இறங்கியது. ஆனால் சிறுநீரகத்தின் நிலை அறிந்தே அளவு வகுக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்புக் குறையும்.

புதியதே எப்போதும் மேலானது என்று எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நம் நாட்டில் இந்நோய்க்கு முதுமை மட்டும் காரணமன்று. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே மேலறை நடுக்கத்திற்கு ஆளானோர் பலர். அவர்களுள் பெண்களே மிகுதி. செல்வ நாடுகளில் நடந்த பெரும் ஆய்வுகள் இவர்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தன. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் 24 நாடுகளில், ரூமாட்டிக் இதயநோயும் மேலறை நடுக்கமும் உடைய 4,531 பேரின் முடிவுகள் 2022இல் வெளியாயின. சராசரி வயது ஏறத்தாழ ஐம்பது. பலரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, புதிய ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து உண்டோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. எனவே மைட்ரல் வால்வு மிகச் சுருங்கியவர்களும், உலோக வால்வு பொருத்தியவர்களும் பழைய மருந்திலேயே நிற்க வேண்டியவர்கள். பக்கத்து வீட்டாரின் மாத்திரை நமக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தாளத்தை மீட்பதா?

மூன்றாம் கேள்விதான் நூறாண்டு வழக்காக நடந்து வருகிறது. குவினிடின் தாளத்தை மீட்டது. ஆனால் சிலருக்குக் கீழறையில் கொடிய துடிப்பைத் தூண்டிவிட்டது. ஆறு ஆய்வுகளின் 808 நோயாளிகளைத் தொகுத்து 1990இல் வெளியான கணக்கில், குவினிடின் உண்டோரிடையே சீரான தாளத்தில் நிலைத்தோர் மிகுதி, இறந்தோரும் மிகுதி. தாளம் சீரானால் ஆயுள் நீளும் என்ற எளிய நம்பிக்கைக்கு அது பேரிடி.

1962இல் பெர்னார்ட் லவுன் நேர்மின்னோட்ட அதிர்ச்சியால் ஒரு நொடியில் தாளத்தை மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். அணுப்போருக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டியவரும் அவரே. அவ்வமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. மின்னதிர்ச்சி தாளத்தை மீட்கும். ஆனால் அது நிலைக்கும் என்று உறுதி கூறாது. 1998இல் பிரான்சின் பொர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர், 45 நோயாளிகளில் நோயைத் தூண்டும் 69 புள்ளிகளைத் தேடியபோது, அவற்றுள் நூற்றுக்கு 94 நுரையீரல் நாளங்களுக்குள் இருந்ததைக் கண்டனர். அந்நாளங்களின் வாயிலைச் சுற்றிச் சுட்டு, தீய மின்தூண்டலை உள்ளேயே அடைத்துவிடும் அப்லேஷன் சிகிச்சை அக்கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது.

2002இல் வட அமெரிக்காவில் 4,060 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரைகளால் தாளத்தை மீட்க முயன்றோரும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியோரும் ஏறத்தாழ ஒரே அளவு வாழ்ந்தனர். தாளம் திரும்பிவிட்டது என்று எண்ணி உறைவுத்தடுப்பு மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம் வந்ததையும் அது வெளிக்காட்டியது. 2019இல் 2,204 பேரிடம் அப்லேஷனை மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு, ஆயுளில் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. அன்றாட வாழ்வின் நலத்தில் முன்னேற்றத்தைக் காட்டியது. 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வோ, நோய் கண்ட ஓராண்டிற்குள் தாளத்தை மீட்க முயன்றால், பக்கவாதமும் இதயநோய் இறப்பும் உள்ளிட்ட கேடுகள் குறைகின்றன என்று 2,789 பேரிடம் காட்டியது. முரண்போலத் தோன்றும் இவை உண்மையில் முரண் அல்ல. எவருக்கு, எப்போது, எம்முறையில் என்ற வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

எம் மைத்துனருக்கும் இந்நோய் உண்டு. வயது 54, அவ்வப்போது வந்து சில மணி நேரத்தில் விலகும் நிலை, வந்தால் படியேற முடியாது. மாத்திரைகள் பயன்படாததால் அவர் அப்லேஷனைத் தேர்ந்தார். ஊசித்துளை வழியே செய்வதாயினும் நூற்றில் சிலருக்குச் சிக்கல் நேரலாம் என்றும், சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படலாம் என்றும் அறிந்தே ஒப்பினார். இப்போது நலம். எம் துணைவியாருக்கோ இடது மேலறை வெகுவாக விரிந்துவிட்டது, நடுக்கம் நிலையாகிவிட்டது, வேகம் குறைந்தபின் அவருக்குத் தொல்லையும் இல்லை. அவர் தாளத்தைத் துரத்துவதில்லை என்று முடிவு செய்தார். அக்காவும் தம்பியும் வேறு வேறு வழி சென்றனர். இருவருமே தம் நிலையறிந்து சென்றனர். உறைவுத்தடுப்பு மருந்தை மட்டும் அவர் ஒரு நாளும் விடுவதில்லை.

காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எங்கள் வீட்டில் மாத்திரை நேரம். பல் துலக்கும்போது ஈறு கசிகிறதா, மலம் கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு போட்டிருக்கிறோம். வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும், இம்மருந்தின் பெயரை முதலில் சொல்கிறோம். நாங்களாக ஒரு வேளையும் நிறுத்துவதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறுபத்தைந்து வயது கடந்த எவரும் தம் வீட்டில் இருந்தால், அவர் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் பாருங்கள். பலருக்கு இந்நோய் படபடப்பையும் தராமல் மறைந்தே இருக்கும். தாளம் தப்பியிருந்தால் அஞ்ச வேண்டாம்; ஓர் இ.சி.ஜி. போதும். அதன்பின் மருத்துவர் வைக்கும் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். எங்களைப்போல் முதற் கேள்வியை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

இரவில் மாத்திரை கொடுத்தபின் துணைவியாரின் கையைப் பிடித்துப் பார்ப்பது எமக்கு வழக்கமாகிவிட்டது. துடிப்பு இன்றும் ஒழுங்கின்றித்தான் வருகிறது. எண்பதுக்கு மேல் போகவில்லை என்று சொல்கிறோம். சரி, விளக்கை அணையுங்கள் என்கிறார் அவர்.